ஏணி மாமா தள்ளினாரா, இல்லையா

எங்கள் பட்டறையில் அவருக்கு ஏணி என்று பெயர். என் அக்காவின் கணவர் என்பதால் எனக்கு ஏணி மாமா. ஆறேகால் அடி உயரம். உடம்பில் சதை என்று தேடினால் கன்னத்தில் கொஞ்சம் அகப்படும். பத்தொன்பது வருஷமாக ரெக்கவரி வண்டி ஓட்டுகிறார். நடுரோட்டில் நின்றுபோன கார், பள்ளத்தில் இறங்கிய கார், சுவரை முட்டிய கார் எதுவானாலும் போய், கொக்கி மாட்டி, பட்டறைக்கு இழுத்து வருவது அவர் வேலை. போனை எடுத்து, எந்த இடம், என்ன வண்டி என்று நோட்டில் எழுதி, அவரைக் கிளப்பி அனுப்புவது என் வேலை. கிளப்புவது என்று சும்மா சொல்லவில்லை. மனுஷன் லேசில் அசைய மாட்டார்.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்தக் காட்டுக் காரைத்தான் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. ஒரு மழை நாளில் பாலத்தின் மேல் நின்றுபோன காரிலிருந்து ஒரு நிறைமாதப் பெண்ணை ரெக்கவரி வண்டியில் ஏற்றி, பின்னால் அந்தக் காரும் தொங்கத் தொங்க, ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய் இறக்கினார். அதை யாராவது கேட்கிறார்களா? ஆனால் அவரே அந்த ஒரு காரை விட்டு வெளியே வராதபோது மற்றவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. நானும் அதையே சொல்கிறேன்.

முதலில் அவருடைய பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இழுப்பதற்கு முன் காருக்குள் ஏறி உட்கார்ந்து, கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை விடுவித்து, ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும். மாமாவின் கால் நீளத்துக்கு எந்தக் காரிலும் முழங்கால் முட்டும். அதனால் உட்காரும்போதே அவர் கை சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தேடிப் போய்விடும். தூக்கி, ஒரே உந்தில் சீட்டை, அது நகரும் தண்டவாளத்தின் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளிவிடும். இது அவருக்குத் தெரிந்து நடப்பதில்லை. அவருடைய ரெக்கவரி வண்டியில் சீட் கடைசிப் பல்லிலேயே வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. இருந்தும் தினமும் ஏறும்போது கை அடியில் போய், அசையாத கம்பியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வரும். முடிவெட்டும் கடையில் நாற்காலிக்கு அடியில் துழாவி, "என்ன சார் தொலைச்சீங்க?" என்று கடைக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு வந்ததை அக்கா இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வனத்துறை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மரம் ஏற்றும் லாரி போகிற பாதையில் ஒரு சாம்பல் நிறக் கார் குறுக்கே நிற்கிறது, ஆளைக் காணோம், லாரி காத்துக் கிடக்கிறது, உடனே வந்து எடுங்கள் என்றார் காவலர். அவர் கவலையெல்லாம் லாரியைப் பற்றித்தான். நானும் நோட்டில் 'காட்டுப் பாதை, சாம்பல் கார், அவசரம்' என்று எழுதினேன். அந்த 'அவசரம்' மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அவசரம் என்று இருந்தால் மாமா எதையும் பார்க்காமல் வேலையை முடிப்பார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது லாரி டிரைவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லையாம். கார் கதவு பூட்டியிருக்கவில்லை. சாவி அதன் இடத்திலேயே இருந்தது. பின் சீட்டில் கழுவித் துடைத்து மூடிய சாப்பாட்டு டப்பா ஒன்று. மாமா ஏறினார், கியரை எடுத்தார், இறங்கினார், கொக்கி மாட்டினார், இழுத்து வந்தார். பத்து நிமிஷ வேலை. அனாதையாக நிற்கிற வண்டி எது வந்தாலும் எண்ணைப் போலீசுக்குச் சொல்வது எங்கள் வழக்கம். சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்து நின்றது. அந்தக் காரையும் அதன் சொந்தக்காரரையும் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

காணாமல் போனவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஊசி ஏறுவதே தெரியாமல் ரத்தம் எடுப்பார் என்று பெயர் வாங்கியவர். ஐந்தேகால் அடி உயரம். ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்கு என்று கிளம்பியவர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு முன்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டுகிறவர் சீட் கடைசிப் பல்லில் கிடந்தது.

"இதுல அந்த ஆள் உக்காந்தா கால் பிரேக்குக்கே எட்டாது. யாரோ நெட்டையா ஒருத்தன் ஓட்டிட்டு வந்து விட்டிருக்கான்," என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் மாமா பட்டார். அடியிலிருந்து நுனி வரை பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ உள்ள ஏறினியா?"

"ஏறினேன் சார்."

"சீட்டைத் தள்ளினியா?"

மாமா திருதிருவென்று விழித்தார். "இல்ல சார்," என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்கு ஞாபகம் இல்லை, வாயில் முதலில் வந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். "தள்ளாம எப்படிங்க உள்ள போனீங்க? காலை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டா?" என்று அக்கா கேட்டாள். மறுநாள் காலை மாமா நேராக ஸ்டேஷனுக்குப் போய், "தள்ளியிருப்பேன் சார்," என்றார்.

"தள்ளினேன்னு சொல்லு. இல்ல தள்ளலன்னு சொல்லு. தள்ளியிருப்பேன்னா என்ன அர்த்தம்?"

"என் கை எப்பவும் தள்ளும் சார். அன்னைக்கும் போயிருக்கும். ஆனா சீட் நகர்ந்துச்சா, இல்ல ஏற்கெனவே பின்னாடியே இருந்துச்சான்னுதான் தெரியல."

"உன் கையைத் தனியா உக்கார வெச்சு விசாரிக்கட்டுமா?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினாராம். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. சீட் முன்னால் இருந்திருந்தால் அந்த மனிதர் தானாகவே காட்டுக்கு ஓட்டிப் போயிருக்கிறார். பின்னால் இருந்திருந்தால் வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். முழு வழக்கும் அந்த ஒரு முழத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் மாமாவின் கைரேகைதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நடுக்கண்ணாடியின் சாய்வை வைத்தாவது ஓட்டியவர் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றால், அது இழுத்து வந்த ஆட்டத்தில் தொங்கிப்போயிருந்தது.

காட்டில் நான்கு நாள் தேடினார்கள். நாய்கள் அந்தப் பாதை வரை போய், லாரி டயர்த் தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டன. குட்டையை வலை போட்டு அரித்தார்கள். ஒரு செருப்பு, ஒரு பொத்தான் கூடக் கிடைக்கவில்லை. யாரும் கூப்பிடாமலே மாமா நான்கு நாளும் கூடப் போனார். இங்கே போனில் வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.

பிறகு பேச்சு கிளம்பியது. அவருக்கு வேறு ஊரில் வேறு குடும்பம் இருக்கிறது என்றார் ஒருவர். யாருக்கோ ரிப்போர்ட்டை மாற்றித்தர மறுத்தார், அதனால் தூக்கிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். நெஞ்சுவரை தாடியோடு ரயில் நிலையத்தில் பார்த்தேன் என்று மூன்றாவது ஆள் சத்தியம் செய்தார். காணாமல் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லையே, அதற்குள் எப்படி நெஞ்சுவரை தாடி என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதுதான் சரி என்று தோன்றும். மறுநாள் காலையில் எதுவுமே சரியில்லை என்று தோன்றும்.

மூன்றாவது வாரம் அவர் மனைவி பட்டறைக்கு வந்தார். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். விரலில் ஊசி குத்தின தடங்கள், தோளில் கழற்ற மறந்த இஞ்ச் டேப். மாமா ஒரு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"அண்ணா, நீங்கதான காரை எடுத்துட்டு வந்தது?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவரே போனாரா, யாராவது கொண்டுபோனாங்களா? அவரே போயிருந்தா நான் கோபப்படணும். யாராவது கொண்டுபோயிருந்தா நான் அழணும். இப்ப ரெண்டையும் சரியாச் செய்ய முடியல. கோபம் வந்தா, எங்க எப்படிக் கிடக்காரோன்னு பயம் வந்துடுது. அழுதா, என்னை விட்டுட்டுப் போனவருக்கா அழறேன்னு பத்திக்கிட்டு வருது. சீட் எங்க இருந்துச்சு அண்ணா?"

"தெரியலம்மா," என்றார் மாமா. தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்தும் அந்தம்மாவைவிட உயரமாகத்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு தையல்காரம்மா வியாழக்கிழமைதோறும் வந்தார். அன்று அவர் கடைக்கு விடுமுறை. என் மேஜைக்கு எதிரே, பழைய காரிலிருந்து கழற்றிப் போட்ட சீட்டில் உட்கார்ந்துகொள்வார். குற்றம் சொல்ல மாட்டார், சத்தம் போட மாட்டார். "ஏதாவது ஞாபகம் வந்துச்சா அண்ணா?" என்று ஒரு தடவை கேட்பார். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். திட்டியிருந்தாலாவது மாமா தாங்கியிருப்பார். ஒரு வியாழக்கிழமை அவரைப் பார்த்ததும் மாமா பழுதுக்கு வந்திருந்த ஒரு வேனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். "அவர் வெளிய போயிருக்காரே," என்று நான் கூசாமல் சொன்னேன். வேனுக்கு மேலே அவர் தலை தெரிந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரியே, "சரி, அடுத்த வாரம் வரேன்," என்று எழுந்து போனார். அன்று நான் மாமாவிடம் பேசவில்லை. என்னிடமும் நான் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவுக்கும் எனக்கும் வாக்குவாதம் மூண்டது.

"ஏதாவது ஒண்ணைச் சொல்லி முடிச்சு விடேன் மாமா," என்றேன். "சீட் முன்னாடிதான் இருந்துச்சு, நான்தான் தள்ளினேன்னு சொல்லு. அவரே போனார்னு ஆகும். எங்கயோ உயிரோட இருக்கார்னு அந்தம்மா நிம்மதியா இருக்கும்."

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு தெரிஞ்சு எவளுக்குடி நிம்மதி வரும்?" என்றாள் அக்கா. "பின்னாடி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அந்த மனுஷன் தப்பு பண்ணலன்னாவது ஆகும்."

"செத்துட்டார்னு சொல்லச் சொல்றியா?"

"நீ ஓடிட்டார்னு சொல்லச் சொல்றியே, அது மட்டும் என்ன?"

மாமா தட்டைப் பார்த்தபடி, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. நான் அதையே ஞாபகம் வெச்சுக்கறேன்," என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். கேலியே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் தன் கையையே வேவு பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு காரில் ஏறும்போதும் கை போகிறதா, சீட் நகர்கிறதா என்று கவனித்து வந்து என்னிடம் சொல்வது என்று ஏற்பாடு. மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன். முதல் நாள் மூன்று கார் இழுத்தார். மூன்றிலும் பட்டறைக்கு வந்து இறங்கிய பிறகுதான் கவனிக்க மறந்தது ஞாபகம் வந்ததாம். இரண்டாவது நாள் கவனித்தார். கவனித்ததால் கை போகவே இல்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து வீங்கியதுதான் மிச்சம். நான்காவது நாள் துணியை அவிழ்த்து என் மேஜையில் வைத்துவிட்டார்.

"என்னோட கைதான், வாயாடி," என்றார் என்னிடம். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நாப்பத்தாறு வருஷமா கூடவே இருக்கு. அது என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியல பாரு."

ஒரு வருஷமும் இரண்டு மாதமும் போயின. இன்ஸ்பெக்டர் மாறிப்போனார். புதிதாக வந்தவர் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காரை வீட்டாரிடம் கொடுத்துவிடலாம் என்று எழுதினார். ஸ்டேஷன் கொல்லையில் வெயிலிலும் மழையிலும் கிடந்த கார்; நான்கு டயரிலும் காற்று இல்லை. தையல்காரம்மா என்னைக் கூப்பிட்டு, அண்ணாவே எடுத்து வரட்டும், நானும் பட்டறைக்கு வருகிறேன் என்றார். மாமா போய், இந்தத் தடவை உள்ளே ஏறாமலே, நான்கு சக்கரத்தையும் தூக்கி மேலே வைத்துக் கொண்டுவந்தார். ஒரு காரை அவ்வளவு மெதுவாக இறக்கி நான் பார்த்ததில்லை.

தையல்காரம்மா காத்திருந்தார். "அண்ணா, எனக்கு ஒரு யோசனை. சீட்டை அவர் உக்கார்ற இடத்துல வெச்சுட்டு நீங்க ஒரு தடவை ஏறுங்க. அப்புறம் கடைசில தள்ளி வெச்சுட்டு இன்னொரு தடவை ஏறுங்க. கை மறந்துட்டாலும் முழங்காலுக்கு ஞாபகம் இருக்கும். எது அன்னைக்கு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

மாமாவின் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. இது ஏன் நமக்குத் தோன்றாமல் போயிற்று என்று நினைத்தேன். மாமா கதவைத் திறந்து, குனிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பல்லும்மா?" என்றார்.

தையல்காரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"அளந்து பார்க்கலாம்," என்று தோளிலிருந்த டேப்பை எடுத்தார். "அவர் உள்கால் இருபத்தாறரை. பேன்ட் எல்லாம் நான்தான் தைப்பேன்." சீட் விளிம்பிலிருந்து பிரேக் வரை அளந்தார். மூன்றாவது பல்லிலும் சரியாக வந்தது, நான்காவதிலும் வந்தது, காலைக் கொஞ்சம் நீட்டி உட்காருகிறவராக இருந்தால் ஆறாவதிலும் வந்தது. நீட்டி உட்காருவாரா, மடக்கி உட்காருவாரா என்று மாமா கேட்டார். அந்தம்மா டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் அவர் உயரம்தான். கொஞ்சம் உக்காருங்களேன்."

நான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். உள்ளே பூஞ்சை நாற்றம். அவர் சுற்றி வந்து என் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டு கதவைச் சாத்தினார். எப்போதும் அவர் உட்காரும் இடம் அதுதான். மாமா என் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே மண்டிபோட்டுக் கம்பியைப் பிடித்தார்.

"ஒரு பல் முன்னாடி," என்றார் தையல்காரம்மா, என் தோளைப் பார்த்துக்கொண்டே. சீட் நகர்ந்தது. "இன்னும் ஒண்ணு. இல்ல, இவ்வளவு கிட்ட இல்ல. பின்னாடி." நகர்ந்தது. "கியரை மாத்துங்க." மாற்றினேன். "அவர் முழங்கை என் மேல படும். இல்ல, பட்டதில்லையோ? இன்னொரு தடவை மாத்துங்க." மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு மாற்றச் சொன்னார். பதினோரு பல்லையும் இரண்டு தடவை போய் வந்தாயிற்று. மாமாவின் நெற்றியிலிருந்து வேர்வை என் முழங்காலில் சொட்டியது. அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"முன்னாடியா, பின்னாடியாம்மா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியல அண்ணா."

"பதினாலு வருஷம் இந்தப் பக்கம் உக்காந்து வந்திருக்கேன். ரோட்டைத்தான் பார்த்திருக்கேன். கடையைப் பார்த்திருக்கேன். அவர் எப்படி உக்காந்திருந்தார்னு..." நிறுத்தினார். "நீங்க அன்னைக்கே அஞ்சாவது பல்லு, ஆறாவது பல்லுன்னு அடிச்சுச் சொல்லியிருந்தாலும், அது அவர் இடமா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களைப் போய் ஒரு வருஷம் படுத்தி எடுத்துட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்றார் மாமா. "ரொம்ப முன்னாடி இருந்திருந்தா நான் கவனிச்சிருக்கணும். தப்பு என் மேலதான்." அந்தப் பழியை அவர் கைவிட மாட்டேன் என்கிறார். அதுவும் போய்விட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று பயந்துவிட்டார் போல.

தையல்காரம்மா அவர் சொன்னதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. பதினாலு வருஷமாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, இந்தத் தடவை ரோட்டைப் பார்க்காமல், உடம்பை முழுசாக என் பக்கம் திருப்பினார். என் தோளை, முழங்கையை, ஸ்டியரிங்கில் இருந்த கையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏங்க, நீங்களாவா போனீங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன்.